அத்தியாயம் 2: டேப்பின் மறுமுனை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஏரிக்கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். நான்காவது வாரம்தான் வண்டியை விட்டு இறங்கினேன்.

அது 2016 பிப்ரவரி. இரண்டு மாதத்துக்கு முன், 2015 டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றிருந்தது. நாங்கள் இருப்பது செங்கல்பட்டுப் பக்கம். ஏரிகளுக்கே பெயர்போன சீமை. மழைநீர் ஏரிக்குப் போகும் வரத்துக் கால்வாயின் மேல் மனை போட்டு விற்றுவிட்டார்கள். போக வழியில்லாத தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்ததும் தெருவே அதைத்தான் பேசியது. அரிசி மூட்டை, மகளின் பள்ளிச் சான்றிதழ், மாமியாரின் தையல் மெஷின் எல்லாம் சேற்றில் கிடந்தபோது எனக்கும் கோபம் இருந்தது. அதே ஏரியில் சிலர் ஞாயிறுதோறும் காலையில் கூடி வேலை செய்கிறார்கள் என்று காய்கறி விற்கும் அண்ணன் சொன்னதும் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இருவர் கரை மேல் டேப்பை இழுத்துப் பிடித்து அளந்தார்கள், ஒருவர் நோட்டில் எழுதினார், கீழே நான்கைந்து பேர் சீமைக்கருவேலம் வெட்டினார்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருப்பதுபோல் இருந்தது. ‘நாம போய் அங்க என்ன செய்யப் போறோம்?’ என்ற எண்ணம் வந்ததும் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

இந்த அத்தியாயம் அப்படி வண்டியைத் திருப்புகிறவர்களுக்காக. உங்கள் பகுதியில் என்ன குழு இருக்கிறது, எங்கே கூடுகிறது என்பதை முதல் அத்தியாயத்தில் பார்த்தோம். இடமும் நேரமும் தெரிந்த பிறகும் போகாதவர்கள்தான் அதிகம். அவர்களைச் சோம்பேறிகள் என்றோ அக்கறையில்லாதவர்கள் என்றோ சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அக்கறை இருப்பதால்தானே கரை வரைக்கும் வருகிறார்கள்?

கரையில் நிற்பவர் சொல்லிக்கொள்வது

புதிதாக வருகிறவர்களிடம் இத்தனை ஆண்டுகளாகப் பேசிப் பார்த்ததில், வார்த்தை மாறினாலும் விஷயம் மாறுவதில்லை. எனக்குச் சட்டம் தெரியாது. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நான் இந்த ஊர்க்காரி இல்லை, வாடகைக்கு வந்தவள். வேலைக்குப் போகிறவன், பாதியில் விட்டுவிட்டால் என்ன நினைப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு, அதை எளிதில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டுவிட்டால்?’ எனக்கு இருந்ததும் அதுதான். அந்த ஏரிக்குப் பக்கத்தில் ஒன்பது வருடம் குடியிருந்திருக்கிறேன். வீட்டுக்குள் தண்ணீர் வரும்வரை அதன் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டதில்லை. அந்த வெட்கம் என் காலைக் கட்டியது. இறங்கிப் போன அன்று யாரும் அப்படிக் கேட்கவில்லை. டேப் பிடித்திருந்த பையன், “அக்கா, அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க, தம்பிக்கு வேலைக்கு நேரமாச்சு” என்றான். அவ்வளவுதான் வரவேற்பு. அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவும் இல்லை.

சட்டம் தெரியாது என்பதற்கும் பதில் அங்கேயே கிடைத்தது. கரையில் இருந்த பன்னிரண்டு பேரில் சட்டம் படித்தவர் ஒருவர்கூட இல்லை. ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற தபால்காரர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள், மெக்கானிக் கடைப் பையன், இட்லிக் கடை அம்மா. எது நீர்நிலைப் புறம்போக்கு, எது பட்டா நிலம் என்பதை அலைந்து அலைந்து கற்றுக்கொண்டவர்கள். வெளியிலிருந்து பார்க்கையில் அவர்களுக்கு எல்லாம் தெரிந்ததுபோல் எனக்குத் தோன்றியது. அவர்களோ, யாராவது விவரம் தெரிந்தவர் வந்து சேர மாட்டாரா என்று காத்திருந்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் காட்டிய கால்வாய்

எங்கள் குழுவுக்கு ஒரு பெரியம்மா வருவார். ஆடு மேய்த்தவர். கூட்டம் என்றால் ஓரமாக உட்காருவார். ஏதாவது கேட்டால், “எனக்கு என்னம்மா தெரியும், கைநாட்டு” என்பார். மூடப்பட்ட வரத்துக் கால்வாய் சரியாக எந்த வழியில் ஓடியது என்பதில் எங்களுக்கு மாதக்கணக்கில் குழப்பம். ஒருநாள் அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். “இங்கதான் ஆட்டுக்குத் தண்ணி காட்டுவேன். இந்தப் பனைமரத்துக்கிட்ட வளையும். அந்தா அந்த மஞ்ச வீட்டுக்குக் கீழ போய்ச் சேரும்.” பின்னால் நில அளவைப் புல வரைபடத்தின் நகலை வாங்கி ஒப்பிட்டோம். பனைமரத்தருகே கால்வாய் வளைந்திருந்தது. மஞ்சள் வீடு இருந்த புல எண்ணுக்கு நேரே, ‘அ’ பதிவேட்டில் வாய்க்கால் என்றே எழுதியிருந்தது.

அந்தக் கால்வாயை மீட்கும் வேலை இன்றும் முடியவில்லை. ஆனால் இடத்தைக் காட்டியவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தவர். ஓர் ஊரைப் பற்றிய அறிவில் பாதி இப்படி, தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பவர்களிடம்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பெரிய போராட்டங்களின் பெயர்களை இந்த இடத்தில் அடுக்குவது வழக்கம். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. தயங்கி நிற்பவரிடம் வீரக் கதை சொன்னால், ‘அவங்க எங்க, நான் எங்க’ என்று அவர் இன்னும் இரண்டடி பின்னால் போவார். அதனால் அந்தக் கதைகளைச் சற்றுப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். 1974 மார்ச் 26 அன்று இமயமலைச் சாரலில் உள்ள ரேணி கிராமத்தில் மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது ஊர் ஆண்கள் நிலத்துக்கான இழப்பீடு வாங்க சமோலிக்குப் போயிருந்தார்கள். வெட்டுகிறவர்கள் காட்டுக்குள் போவதைப் பார்த்து ஒரு சிறுமி வந்து சொன்னாள். ஊர் மகளிர் மங்கள் தளத்தின் தலைவி கௌரா தேவியும் மற்றப் பெண்களும் போய் மரங்களைக் காத்து நின்றார்கள். ‘சிப்கோ’ என்று உலகமே அறிந்த இயக்கத்தில் அது பெரிய நாள். ஆனால் அந்த மங்கள் தளம் அன்று காலையில் முளைத்ததில்லை. சாதாரண நாட்களிலும் கூடிக்கொண்டிருந்த பெண்கள் அவர்கள். அதனால்தான் அந்தச் சிறுமிக்கு யாரிடம் ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நம் பக்கத்துக் கதை ஒன்று இதைவிட எனக்கு நெருக்கம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். சம்பளமில்லாத தொண்டர்கள் ஊர் ஊராகப் போய் எழுத்தறிவிக்க வேண்டும். அவர்களில் பெண்கள் ஏராளம். அடுத்த ஊருக்குப் போக வண்டி இல்லை, பேருந்து எப்போதோ ஒன்று. அதனால் எழுத்தோடு சைக்கிளும் பாடமாயிற்று. கல் உடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலியும் கிண்டலும் கொஞ்சமா இருந்தது? சைக்கிள் கற்றவர்கள் யாரும் முதலில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பிறகு சைக்கிளில் ஏறியதில்லை. பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார், இவர் மிதித்தார். அவர் எப்போது கையை விட்டார் என்று இவருக்குத் தெரியாது.

உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்பதை 1977இல் விரிவாக எழுதினார். அறிவுரையும் ஊக்கச் சொல்லும் அதில் பலம் குறைந்தவை. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அதைவிடப் பலம். எல்லாவற்றிலும் பலமானது, சின்னதாக ஒன்றைத் தானே செய்து முடிப்பது. இந்தப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: படித்துப் படித்துத் தயக்கம் போகாது. தயக்கத்தோடு போய் ஒரு வேலையைக் கையில் வாங்குங்கள்.

முதல் நாள்

போவதற்கு முன் குழுவில் யாராவது ஒருவருக்குச் செய்தி அனுப்புங்கள். நீளமாக எழுத வேண்டாம். இப்படிப் போதும்:

“வணக்கம். நான் ரயில்வே ஸ்டேஷன் பின்பக்கத் தெருவில் இருக்கிறேன். இந்த ஞாயிறு வரலாமா? எட்டு மணி வரைதான் இருக்க முடியும். ஏதாவது வேலை கொடுத்தால் செய்கிறேன்.”

இதில் எட்டு மணி என்ற சொல்தான் முக்கியம். எப்போது கிளம்புவீர்கள் என்பதை முன்பே சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் பாதியாகக் குறையும். எட்டு மணிக்கு நீங்கள் கிளம்பும்போது யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேலை கொடுத்தால் செய்கிறேன் என்ற வரி அவர்களுக்கு. ஒரு புதியவரை என்ன செய்யச் சொல்வது என்று தெரியாமல் குழுவில் உள்ளவர்களும் கூச்சப்படுவார்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெண்கள், வேறு பெண்கள் வருகிறார்களா, கழிப்பறை வசதி அருகில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் குழுவில் அதை முதலில் கேட்டவரால்தான் கரையோரத்துப் பள்ளிக்கூடத்தின் சாவி ஞாயிறுகளில் எங்கள் கைக்கு வந்தது. தொப்பி, தண்ணீர் பாட்டில், சேறானாலும் பரவாயில்லாத செருப்பு. வேறெதுவும் வேண்டாம்.

போன இடத்தில் முதல் நாளே கருத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. “நான் எதைப் பிடிக்கட்டும்?” என்று கேளுங்கள். டேப், மண்வெட்டி, குப்பைச் சாக்கு, பனை விதைக் கூடை, கேமரா, ஏதோ ஒன்று. கையில் ஒரு பொருள் வந்ததும் உங்களை யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு குறைந்துவிடும். நான்கு பேரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மதகு எது, கலங்கல் எது என்று கேளுங்கள். தண்ணீரைப் பாசனத்துக்குத் திறந்துவிடும் இடம் மதகு. நிரம்பிய ஏரியின் உபரிநீர் வழிந்து வெளியேறும் இடம் கலங்கல். இரண்டும் எனக்கு அன்றுதான் தெரியும். கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் என்னை அழைத்துப்போய்க் கலங்கலின் கல்லைத் தொட்டுக் காட்டினார்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கைவேலை

நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். இதற்கும் ஏரிக்கும் என்ன தொடர்பு என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாவது வாரம் மரத்தடியில் உட்கார்ந்து பேசும்போது ஒரு விஷயம் தெரிந்தது. குழு அதுவரை 17 மனு கொடுத்திருந்தது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் சில, வட்டாட்சியரிடம் சில, ஒன்றிய அலுவலகத்தில் சில. எதற்கும் நகல் இல்லை. ரசீது ஒருவர் சட்டைப்பையில், இன்னொருவர் வண்டிப் பெட்டியில். எந்த மனுவுக்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

எனக்கு அது தாங்கவில்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு ரசீது தொலைவதைப் போன்ற வேதனை வேறில்லை. மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கி நான்கு பத்தி போட்டேன்: கொடுத்த தேதி, யாரிடம், மனு எண், பதில். வீடு வீடாகப் போய் 11 ரசீதுகளைத் திரட்டினேன். அடுத்த முறை வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனபோது, “அப்படி ஒரு மனுவே வரலையே” என்ற பழைய பதில் வந்தது. நோட்டைத் திறந்து தேதியையும் எண்ணையும் படித்தேன். எழுத்தர் எழுந்து போய்க் கோப்பை எடுத்து வந்தார். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியிருந்தது.

உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. தையல் தெரிந்தவர் துணிப் பதாகை தைக்கலாம். லாரி ஓட்டியவருக்கு, ஒரு நாளில் எத்தனை லோடு மண் எடுத்திருப்பார்கள் என்று பள்ளத்தைப் பார்த்தே சொல்லத் தெரியும். கைப்பேசியில் தேதியோடு படம் எடுக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளை, ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் எடுத்தால், ஒரு வருடத்தில் அது ஆதாரம் ஆகிவிடும். தமிழ்நாட்டில் 39,000க்கு மேல் ஏரிகள் இருக்கின்றன. எந்த அலுவலகத்தாலும் வாரம் தவறாமல் அத்தனையையும் போய்ப் பார்க்க முடியாது. அந்தப் பக்கம் குடியிருக்கும் உங்களால் முடியும்.

ஒரு காகிதம் எழுதிப் பாருங்கள்

தயக்கத்தை உடைப்பதில் தகவல் உரிமை விண்ணப்பத்துக்கு ஈடான வேலை இல்லை என்பது என் அனுபவம். யாரிடமும் நேரில் பேச வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து எழுதலாம், அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டமே சாதாரண மக்கள் கேட்ட கேள்வியிலிருந்து வந்ததுதான். ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பில் கிராமத்துக் கூலித் தொழிலாளர்கள், எங்கள் பெயரில் எழுதிய கூலிப் பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலை ஊர் நடுவில் வைத்து உரக்கப் படித்தார்கள். செத்தவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது ஊருக்கே தெரிந்தது. ஆட்சிப் பணியை விட்டு வந்த அருணா ராயும் அவருடைய தோழர்களும் அந்தக் கேள்வியை நாடெங்கும் கொண்டுபோனார்கள்.

வெள்ளைத் தாள் போதும். தமிழில் எழுதலாம். ‘பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர்’ என்று போட்டு அலுவலகப் பெயர் எழுதுங்கள். பாசனப் பரப்பு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி என்றால் நீர்வளத் துறை. அதற்குக் குறைவானால் ஊராட்சி ஒன்றியம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம், 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். பிறகு கேள்விகள்:

இந்த ஏரியின் மொத்தப் பரப்பு எவ்வளவு, புல எண்கள் எவை? கடைசியாக எந்த ஆண்டில் அளக்கப்பட்டது, அந்த அளவை வரைபடத்தின் நகல் தருக. கடந்த 5 ஆண்டுகளில் இந்த ஏரிக்குச் செலவிட்ட தொகை, பணி ஆணைகளின் நகல் தருக.

ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று எழுதாதீர்கள். கோபத்தில் எல்லாரும் முதலில் அதைத்தான் எழுதுவோம். நானும் எழுதினேன், பதில் வரவில்லை. இந்தச் சட்டத்தின்படி அவர்களிடம் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும், விளக்கத்தை அல்ல. காகிதத்தைக் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

உங்கள் பெயருக்கு அரசு முத்திரையோடு ஓர் உறை வந்து வாசலில் விழும் நாளை நீங்கள் மறக்க மாட்டீர்கள். பதில் அரைகுறையாக இருந்தாலும்.

பேச வராதவர் பேச

எங்கள் ஏரியின் மேல்பகுதி ஒரு கிராம ஊராட்சியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஏரியைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாருமே சபையின் உறுப்பினர்கள். யாரும் உங்களை அழைக்க வேண்டியதில்லை. நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை உண்டு. 2022 நவம்பர் 1 அன்று அது முதன்முதலாகக் கூடியது.

முதல் முறை போகும்போது பேசாதீர்கள். உட்கார்ந்து பாருங்கள். யார் பேசுகிறார்கள், யாரைப் பேச விடுவதில்லை, தீர்மானப் புத்தகத்தில் எப்போது கையெழுத்து வாங்குகிறார்கள் என்று கவனியுங்கள். கையெழுத்துக்காக மட்டும் ஆள் திரட்டும் கூட்டங்களும் உண்டு. ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்ப இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது: 500 பேர் வரையுள்ள ஊருக்கு 50 பேர், 10,000க்கு மேல் என்றால் 300 பேர்.

இரண்டாம் முறை மூன்று வாக்கியம் மட்டும் எழுதி எடுத்துப்போங்கள். பார்த்துப் படிக்கலாம், தவறில்லை. எங்கள் இட்லிக் கடை அம்மா முதன்முதலில் படித்தது இது: “வணக்கம். நம்ம ஏரிக்கு வர்ற வாய்க்கால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி 40 அடிக்கு அடைஞ்சிருக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடி தூர்வாரணும்னு தீர்மானம் போடுங்க, அதைப் புத்தகத்துல எழுதி வாசிச்சுக் காட்டுங்க.” இடம், அளவு, கெடு, கேட்பது என்ன என எல்லாம் அதில் வந்துவிட்டது. கை நடுங்கியது. அதற்கு முந்தைய இரவு தூங்கவில்லை என்று பிறகு சொன்னார். நாங்கள் ஆறு பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், வேறெதுவும் செய்யவில்லை. தீர்மானம் எழுதப்பட்டது.

தயக்கம் வேறு, அச்சம் வேறு

இதுவரை சொன்னது எல்லாம் ‘என்னால் ஆகுமா’ என்ற ஐயத்தைப் பற்றி. ‘எனக்கு ஆபத்து வருமா’ என்பது வேறு கேள்வி. அதையும் தன்னம்பிக்கைக் குறை என்று சொல்லி ஒதுக்குவது பெரிய தவறு. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, சட்டவிரோதக் கல் குவாரிகளுக்கு எதிராகத் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி மோதி இறந்தார். அது விபத்தல்ல, கொலை என்று வழக்காகி, குவாரியோடு தொடர்புடையவர்கள் கைது செய்யப்பட்டார்கள். மணல், கல், மண், மனை என்று பணம் புரளும் இடத்தில் அச்சப்படுவது நியாயம்.

அதனால் சில பழக்கங்களைக் குழுவே வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் போட்டுக் கொடுக்கும் புகாரை ஒருவர் பெயரில் கொடுக்காதீர்கள், இருபது பேர் கையெழுத்தில் கொடுங்கள். மண் அள்ளும் இடத்துக்கு இரவில் தனியாகப் போகாதீர்கள். மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், குழுவில் எல்லாருக்கும் சொல்லுங்கள். அரசு ஊழியர் என்றால் 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளைப் படித்துவிட்டு, அனுமதிக்கப்பட்டதை மட்டும் செய்யுங்கள். மரம் நடவும் அளக்கவும் நோட்டு எழுதவும் ஆள் வேண்டியிருக்கிறது. முன்னால் நிற்க முடியாத சூழல் உங்களுக்கு இருந்தால் அதைச் சொல்லிவிட்டுப் பின்னால் நில்லுங்கள். பின்னால் நிற்பவர் இல்லாமல் முன்னால் நிற்பவர் நிற்க முடியாது.

சேர வேண்டாத இடம்

ஒரு குழுவுக்குப் போய் உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், குறை உங்களிடம்தான் என்று முடிவுகட்டாதீர்கள். சில குழுக்கள் உண்மையிலேயே சரியில்லை. வரவு செலவை எல்லார் முன்னும் வைக்காத இடம், ஒருவர் படம் மட்டுமே எல்லாப் பதாகையிலும் இருக்கும் இடம், தேர்தல் வரும்போது மட்டும் கூடும் இடம். பெண்கள் டீ கொடுக்க மட்டும் வரும் இடம். யார் சேற்றில் இறங்குவது, யார் நாற்காலியில் உட்காருவது என்பதைச் சாதி தீர்மானிக்கும் இடம். இதில் எதைக் கண்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளேயிருந்து மாற்ற முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் இருங்கள்.

எங்கள் குழுவிலேயே ஒரு பெரிய தகராறு நடந்தது. ஏரிக் கரையோரம் 30 குடிசைகள் இருந்தன. அவற்றை முதலில் அகற்றச் சொல்லி மனு கொடுக்கலாம், சுலபம் என்று சிலர் சொன்னார்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் கையில் இருக்கிறது. கால்வாயின் மேல் மனை போட்டு விற்றவரின் காம்பவுண்டுச் சுவர் அங்கேயே நிற்கிறது. அதைத் தொட வழக்கு, ஆள்பலம், பணம் எல்லாம் வேண்டும். பேசிப் பேசி இரண்டு மாதம் போயிற்று. கடைசியில், குடிசைக்காரர்களுக்கு மாற்று இடம் கேட்கும் மனுவையும் சுவரை அகற்றக் கோரும் மனுவையும் சேர்த்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்தக் கூட்டங்களில்தான் நான் முதன்முதலாகக் குரல் உயர்த்திப் பேசினேன். ஏரி இருக்க வேண்டும், ஆனால் ஏரிக்கு விலையை ஏழை மட்டும் கொடுக்கக் கூடாது. இன்றும் அதில் உறுதியாக இருக்கிறேன்.

இடையில் விட்டுப்போனால்

விட்டுப்போகும். பிள்ளைக்குப் பரீட்சை, மாமனாருக்கு ஆஸ்பத்திரி, வேலை மாற்றம். எனக்கும் ஒரு முறை ஏழு மாதம் விட்டுப்போனது. திரும்பப் போகும்போது முதல் நாளைவிட அதிகத் தயக்கம் இருக்கும். காரணம் சொல்லி நீளமாக எழுதாதீர்கள். “இந்த ஞாயிறு வருகிறேன்” என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போங்கள். குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: திரும்பி வருகிறவரிடம் ‘என்ன, ஆளையே காணோம்’ என்று கேட்காதீர்கள். கரை மேல் வண்டியை நிறுத்திவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவரைக் கண்டால், டேப்பை எடுத்துக்கொண்டு நேராக அவரிடமே போங்கள்.

முதல் ஞாயிறு முடிந்து வீட்டுக்கு வந்த அன்றிரவே ஒரு சின்ன நோட்டில் மூன்று வரி எழுதிவையுங்கள்: என்ன செய்தீர்கள், யாருடைய பெயரைத் தெரிந்துகொண்டீர்கள், அடுத்த வாரம் என்ன. என் நோட்டின் முதல் பக்கம் இப்படி இருக்கிறது. ‘டேப் பிடித்தேன். கலங்கலிலிருந்து மதகு வரை 412 அடி. தபால்காரர் சார், இட்லிக் கடை அம்மா, இன்னும் இரண்டு பேர், பெயர் கேட்க வேண்டும். அடுத்த வாரம் மேற்குக் கரை, ஆறரை மணி.’